ஜேர்விஸ் குடாவில் எழும்பாத அணு மின் நிலையம்



சிட்னியிலிருந்து தெற்கே ஏறக்குறைய மூன்று மணித்தியாலம் கார் ஓடினால் ஜேர்விஸ் குடா வரும். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அங்கே மரேஸ் கடற்கரையில் நாங்கள் காரை நிறுத்தும் அந்த இடம், கார்களுக்காகச் சமப்படுத்திய நிலம் அல்ல. அவுஸ்திரேலியாவின் முதலாவது அணு மின் நிலையத்துக்காக வெட்டிய நிலம் அது.

1953ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவுஸ்திரேலிய அணுசக்தி ஆணைக்குழு அமைந்தது. 1958இல் சிட்னியின் லூகாஸ் ஹைட்ஸில் அதன் ஆராய்ச்சி உலை இயங்கத் தொடங்கியது. ஆனால் ஆணைக்குழுத் தலைவர் பிலிப் பக்ஸ்டருக்கு ஆராய்ச்சி மட்டும் போதவில்லை. 1969இல் பிரதமர் ஜோன் கோர்டனின் அரசு, சமஷ்டி அரசுக்குச் சொந்தமான ஜேர்விஸ் குடா நிலத்தில் 500 மெகாவாட் நிலையம் கட்டப்படும் என்று அறிவித்தது. பிரித்தானியா, அமெரிக்கா, கனடா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளிலிருந்து கேள்விப்பத்திரங்கள் வந்தன. தேவைப்பட்டால் அணுகுண்டும் செய்யலாம் என்ற எண்ணமும் அப்போது இருந்ததைக் கோர்டனே 1999இல் ஒப்புக்கொண்டார். போரிலிருந்து தப்பி வந்த எங்களுக்கு இது சாதாரண செய்தி அல்ல.

நான் கணக்காளன். என் கண்ணில் படுவது வேறொன்று. திட்டத்தை அரசுக்குச் சிபாரிசு செய்ததும் ஆணைக்குழு, வந்த கேள்விப்பத்திரங்களை மதிப்பிட்டதும் அதே ஆணைக்குழு. கடை முதலாளியே தன் கடைக்குக் கணக்காய்வாளராக இருந்தால் நாங்கள் கையொப்பம் வைப்போமா? திறைசேரி தனியாகக் கணக்குப் பார்த்தபோது, நியூ சவுத் வேல்ஸின் நிலக்கரி மின்சாரத்தை விட இது மிகவும் விலை கூடியது என்று தெரிந்தது. 1971 யூனில் பிரதமர் வில்லியம் மக்மஹொன் ஓராண்டுக்கு ஒத்திவைத்தார். அந்த ஓராண்டு முடியவே இல்லை. அடுத்து வந்த விட்லம் அரசு திட்டத்தைக் கைவிட்டது.

1998, 1999 ஆண்டுகளின் சமஷ்டிச் சட்டங்கள் அணு மின் நிலையங்களைத் தடுக்கின்றன. 2025 தேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணி ஏழு இடங்களில் அணு மின் நிலையம் என்று சொல்லித் தோற்றது. செலவு எவ்வளவு என்பதில்தான் அப்போதும் பெரிய சண்டை.

மின்சாரத்தைச் சேமிக்கவும் ஓர் அதிகார சபை இருந்தது, பலருக்கு நினைவிருக்காது. நியூ சவுத் வேல்ஸ் அரசு 1996இல் அமைத்த நிலைத்த சக்தி அபிவிருத்தி அதிகார சபை அது. வீடுகளும் கந்தோர்களும் மின்சாரத்தை வீணாக்காமல் பாவிப்பதற்கு வழிகாட்டியது. 1997இல் பசுமை மின்சாரத் திட்டத்தையும் தொடங்கியது. எட்டு ஆண்டுகள்தான். 2004இல் அதை ஓர் அரச திணைக்களத்துடன் சேர்த்து மூடிவிட்டார்கள். அதற்காக ஒருவரும் மலையை வெட்டவில்லை. மூடியபோது பெரிய சத்தமும் எழவில்லை.