போர்க்களமும் கடைவீதியும்

‘ஸ்ட்ராட்டஜி’ என்னும் ஆங்கிலச் சொல், படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மேலை வணிகம் அதனைப் போர்க்களத்திலிருந்தே கடன் பெற்றது. 1962இல் ஆல்ஃபிரட் சாண்ட்லர் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் வரலாற்றை அச்சொல்லைத் தலைப்பிற் கொண்டே எழுதினார். 1980இல் மைக்கேல் போர்ட்டர் தொழிற்போட்டியை ஐந்து விசைகளாகப் பகுத்தார்.

கீழைநாட்டுப் போர்நூல்களுள் தலையாயது, சீனத்துச் சுன்ட்சுவின் பெயரால் வழங்கும் 13 இயல்கள். 1772இல் ஆமியோ பாதிரியாரின் பிரெஞ்சு ஆக்கத்தாலும், 1910இல் லயனல் கைல்ஸின் ஆங்கில ஆக்கத்தாலும் அது மேற்கிற் பரவிற்று. 1972இல் யின்சுவெஷானில், கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் கல்லறையில், அதன் மூங்கில் ஏடுகள் கிடைத்தன.

போர்ட்டரின் நெறி, காக்கத்தக்க இடந்தேர்ந்து நிலைகொள்வது. சுன்ட்சுவின் நெறி, நிலத்திற்கேற்ப ஓடும் நீர்போலப் பகைவனுக்கேற்ப வடிவம் மாறுவது. இவ்விரண்டையும் உரைத்துப் பார்க்கத்தக்கது ஹோண்டாவின் வரலாறு. 1959இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கடைவிரித்த அந்நிறுவனம் பெரிய மோட்டார் சைக்கிள்களையே நம்பியிருந்தது. அவை நெடுந்தொலைவு ஓட்டத்திற் பழுதுற்றன. ஊழியர்கள் தம் அலுவலுக்கு ஓட்டித் திரிந்த 50 சிசி சூப்பர் கப் வண்டிகளையோ மக்கள் விரும்பிக் கேட்டனர். 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குழு பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கை, பேரளவு உற்பத்தியால் விலைகுறைத்த திட்டமே வெற்றிக்குக் காரணம் என்றது. 1984இல் ரிச்சர்ட் பாஸ்கேல், களத்தில் நின்றோரின் வாய்மொழி கொண்டு, நிகழ்ந்தவற்றுக்கேற்ப வழிமாறியதே காரணம் என்று காட்டினார். ஒரே வெற்றியை ஒருவர் போர்ட்டரின் கண்ணாலும் மற்றவர் சுன்ட்சுவின் கண்ணாலும் கண்டதுபோல் இது தோன்றுகிறது.

ஆயினும் ஒப்புமைக்கு எல்லையுண்டு. போரில் இருவர், சந்தையிலோ வாங்குவோர் என்னும் மூன்றாமவர் உளர். ஹோண்டாவை வெல்வித்தவர் அவரே. போட்டியாளனை வீழ்த்துவதால் மட்டும் அவர் மனத்தைப் பெற இயலாது.

வணிக நூலார் பலர் சுன்ட்சுவிடம் சூழ்ச்சியையே பெரிதும் எடுத்துக்கொண்டனர். அவர் நூலின் இரண்டாம் இயலோ போரின் செலவுக் கணக்கு: நீடித்த போரால் எந்நாடும் பயனுறாது, குடிகள் வறியராவர். பகைநாட்டை அழியாது முழுமையாகக் கொள்வதே சிறப்பென்பது மூன்றாம் இயல். வள்ளுவரும் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவற்றைச் செங்கோன்மையோடு ஒரே அரசியலில் வைத்தார்.

உருவகத்தின் ஆற்றலை அறிந்த கவிஞர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சந்தையைப் போர்க்களம் என்று சொல்லும்போது வெற்றியும் சூழ்ச்சியும் அச்சொல்லோடு எளிதில் வந்துவிடுகின்றன. போரின் சுமையைத் தாங்கும் குடிமக்களோ வருவதில்லை. ஆலை மூடப்பட்டபின் வேலையிழந்து நிற்போர் அவர்களே. சுன்ட்சு கணக்கிற் கொண்ட அவர்களை, அவரிடம் கடன் பெற்றோரும் கணக்கிற் கொள்ளுதல் தகும்.