மணலுக்கு யார் கணக்கு வைப்பது?

'இயற்கைச் சுற்றுலா' என்ற சொல்லாடல் முதலில் செய்வது இயற்கையை வரலாற்றிலிருந்து துண்டிப்பதுதான். கடலும் மணலும் என்றைக்கும் அப்படியே கிடந்தது போலவும், இனி நாம் கெடுக்காமல் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பது போலவும் அது பேசுகிறது. புதுவையை முன்வைத்து இதை மறுக்க விரும்புகிறேன்.

வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரெஞ்சு ஆட்சி ஊரைப் பிரித்தது. கடல் பார்த்த பக்கம் வெள்ளையருக்கு. சுற்றுலா இன்றும் விற்பது அந்தப் பக்கத்துப் படத்தைத்தான். அதன் இரு முனைகளிலும் இருக்கிற குருசுக்குப்பமும் வம்பாக்கீரப்பாளையமும் படத்துக்குள் வருவதில்லை.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர, வடக்கே கடல் ஏறியது. நகரைக் காக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள். சாலை தப்பியது, அரிப்பு வடக்கே தள்ளிப்போயிற்று.

வடக்கே போனால் என்ன ஆகிறது? சில கிலோமீட்டரில் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம். அவை தமிழ்நாடு. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் அதிகாரத்தைக் கைமாற்றிப் போனாலும் அவர்கள் விட்ட எல்லைக்கோடு போகவில்லை. துறைமுகம் ஒரு அரசுக்கு, அரிப்பு இன்னொரு அரசுக்கு. கடலுக்கு இந்தக் கோடு தெரியுமா? கட்டுமரத்தை இழுத்துப்போட, வலை காயவைக்க, கருவாடு பரப்ப இடமில்லாமல் போனவர்களுக்குத்தான் தெரிகிறது.

2018இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைத்தார்கள், மணல் திரும்பியது. கல்லைக் கொட்டுவதைவிட இது மேலான வழி, ஊர் சனமும் அங்கே காலாற நடக்கிறது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் மணல் முதலில் எங்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானித்தது யார்? துறைமுகத்துக்குத் தெற்கே சின்ன வீராம்பட்டினத்துக் கரைக்கு 2021இல் 'நீலக்கொடி' கிடைத்தது. வைத்த பெயர் ஈடன். ஆதித்தோட்டத்தின் பெயரை மீனவர் ஊரின் கரைக்குச் சூட்டுவது வெறும் விளம்பரமா? அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களைப் பேச்சிலிருந்து நீக்குவதில்லையா?

சிறு நகரத்தின் சிக்கல் இதுதான்: துறைமுகம், உல்லாசம், பிழைப்பு மூன்றும் அதே துண்டுக் கரையைக் கேட்கின்றன. சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. வீராம்பட்டினம் முதல் பொம்மையார்பாளையம் வரை மணலை ஒரே கணக்காக இரு அரசுகளும் எழுதட்டும். அந்தக் கணக்கை எழுதும் இடத்தில் மீனவர் உட்காரட்டும். அதற்குப் பிறகு கொடியைப் பற்றிப் பேசலாம்.