பல ஷாட் தூண்டுரை

பல ஷாட் தூண்டுரை என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட ஷாட்கள் கொண்ட தொடர்ச்சியான காணொளியைச் செயற்கை நுண்ணறிவு மாதிரியிடமிருந்து பெறுவதற்கு எழுதப்படும் கட்டளை உரை.

வகைகள்: எல்லா ஷாட்களையும் ஒரே உரையில் வரிசைப்படுத்துவது ஒரு வகை. ஷாட்டுக்கு ஓர் உரை எழுதி, கிடைக்கும் துண்டுகளைப் படத்தொகுப்பில் இணைப்பது மற்றொரு வகை. பின்னதில், முந்தைய துண்டின் இறுதிச் சட்டகமோ பாத்திரத்தின் படமோ உரையுடன் சேர்த்துத் தரப்படுவதுண்டு.

அமைப்பு: ஷாட் எண் அல்லது நேரம், ஷாட் அளவு (லாங், மிட், குளோசப்), கேமரா கோணம், நகர்வு, செயல், ஒளியமைப்பு, வசனம், ஒலி ஆகியவை இதன் உறுப்புகள். ஷாட் ஒன்றுக்கு ஒரு முதன்மைச் செயலும் ஒரு கேமரா நகர்வும் போதுமென்பது பொது நடைமுறை. தனித்தனியே உருவாகும் துண்டுகள் ஒன்றையொன்று அறியாதவை; ஆகவே பாத்திரத்தின் வயது, உடை, தோற்றம், இடம் ஆகியவை ஒவ்வோர் உரையிலும் அதே சொற்களில் திரும்ப எழுதப்படுகின்றன.

வரலாறு: 2023இல் வெளியான ரன்வே ஜென்-2 போன்ற மாதிரிகள் சில விநாடி நீளத் துண்டுகளையே தந்தன. ஓப்பன்ஏஐ 2024 பிப்ரவரியில் அறிவித்த சோரா, ஒரே காணொளியில் பல ஷாட்களை அமைக்கும் திறனை முன்வைத்தது. 2025இல் கூகுளின் வியோ 3 வசனத்தையும் ஒலியையும் சேர்த்தது. பைட்டான்ஸின் சீடான்ஸ் 1.0 பல ஷாட் உருவாக்கத்தை அடிப்படை வசதியாக்கியது.

முக்கியத்துவம்: திரைப்படத்தின் ஷாட் பிரிப்பு, ஸ்டோரிபோர்டு மரபுகளை இது எழுத்துவடிவில் தொடர்கிறது. விளம்பரம், குறும்படம், படப்பிடிப்புக்கு முந்தைய காட்சித் திட்டமிடல் ஆகியவற்றில் பயன்படுகிறது. ஷாட்களுக்கிடையே முகம், உடை, பார்வைத் திசை மாறிவிடுவது இதன் முதன்மைச் சிக்கல்.