இரு வெற்றிப் பதக்கங்களும் அவை பேசும் மொழிகளும்

நாணயங்களையும் கல்வெட்டுகளையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் நாம், பதக்கங்களை அத்துணைக் கருத்துடன் நோக்குவதில்லை. நாணயம் பலர் கைமாறுவது. பதக்கமோ பெற்றவனிடமே தங்குவது. எதனை, எவர், எவ்வாறு நினைவிற் கொள்ள வேண்டுமென வழங்கியோர் கருதினர் என்பதை அது தெளிவாகக் காட்டும்.

1795 ஓகஸ்டில் திருகோணமலையும் செப்டெம்பரில் மட்டக்களப்பும் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் வசமாயின. 1796 பெப்ரவரியிற் கொழும்பு பணிந்தது. கல்முனை இன்று அம்பாறை மாவட்டத்தின்பாற்பட்டதாயினும், 1961 வரை மட்டக்களப்பைச் சேர்ந்ததே. எனவே இக்கரையோரத் தமிழ், முஸ்லிம் ஊர்களின் ஆட்சியுரிமையும் அப்போரினாலேயே கைமாறிற்று.

அப்போரிற் பணிபுரிந்த வங்காளப் படையினருக்குக் கிழக்கிந்தியக் கம்பனி பொன்னில் 2, வெள்ளியில் 121 பதக்கங்களை வழங்கியது. அவற்றில் உருவம் எதுவுமில்லை. ஒருபுறம் ஆங்கிலம், மறுபுறம் பாரசீகம். இலங்கையிற் கம்பனி ஊழியர் காட்டிய நன்னடத்தையை நினைவுகூர்வதே வாசகத்தின் பொருள். பாரசீகம் வங்காளத்திற் கம்பனியாட்சி 1837 வரை கையாண்ட அலுவல்மொழியாகும். ஆகவே அம்மொழி பரிசில் பெற்றவனை நோக்கியதேயன்றி, போர் நிகழ்ந்த நிலத்தை நோக்கியதன்று. இலங்கையின் பெயர் உண்டு. தமிழோ சிங்களமோ இல்லை.

மூன்றாண்டுகளின் பின் திப்பு சுல்தான் வீழ்ந்த சிறீரங்கப்பட்டினப் போருக்கான பதக்கம் வேறொரு நெறியைக் கைக்கொண்டது. கியூச்லர் வடிவமைக்க, மத்தியூ போல்ற்றனின் சோகோ அக்கசாலையில் அது அச்சிடப்பட்டது. படைநிலைக்கேற்பப் பொன் முதல் வெள்ளீயம் வரை உலோகம் வேறுபட்டது. பிரித்தானியச் சிங்கம் திப்புவின் சின்னமாகிய புலியை வீழ்த்துகின்றது. மேலே பறக்கும் கொடியில், ‘இறைவனின் சிங்கமே வெற்றியாளன்’ எனப் பொருள்படும் அறபு வாசகம் காணப்படுகின்றது. அலி (றலி) அவர்களின் சிறப்புப் பெயரோடு தொடர்புடைய இவ்வாசகத்தைத் திப்புவே தம் கொடிகளிற் பொறித்திருந்தார். தோற்றவரின் சொல்லே அவர் தோல்விக்குச் சான்றாக்கப்பட்டது.

முன்னையது வெல்லப்பட்ட நிலத்தின் மொழியை விலக்கியது; பின்னையது வெல்லப்பட்டவரின் குறியீட்டைக் கவர்ந்தது. வழி இரண்டாயினும் நினைவு வென்றவர்க்கே உரியதாயிற்று. அந்நாளில் இக்கரையோர மக்கள் கண்டதையும் உற்றதையும் பதக்கம் கூறாது. கோயில் ஏடுகளிலும், பள்ளிவாசற் பதிவுகளிலும், பழைய காணி உறுதிகளிலும், முதியோர் வாய்மொழியிலும் அவற்றைத் தேடல் வேண்டும். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்முனைக் கரையைச் சூறையாடிய பின்னர், இத்தேடல் மேலும் பிற்போடத்தக்கதன்று.