விண்கலக் காற்றுத் தரக் கண்காணிப்பு

மனிதர் பயணிக்கும் விண்கலத்தின் உட்காற்றைக் கருவிகளால் அளப்பதும், அக்கருவிகளைப் பிழையின்றிப் பேணுவதும் விண்கலக் காற்றுத் தரக் கண்காணிப்பு எனப்படும். எடையின்மையில் சூடான காற்று மேலெழாது. விசிறி நின்றால் உறங்குபவர் விட்ட மூச்சு அவர் முகத்தருகிலேயே தேங்கும். கரியமில வாயுவுக்கு மணமில்லாததால் மூக்கை நம்ப முடியாது.

வரலாறு

1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இன் நிலாக்கலத்தில் கரியமில வாயு பெருகுவதை அளவி காட்டியது. அவ்வாயுவை உறிஞ்சும், தாய்க்கலத்தின் சதுர வடிவ லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகளை, நெகிழிப் பை, அட்டை, ஒட்டுநாடா கொண்டு நிலாக்கலத்தில் பொருத்தி வீரர் மூவரும் உயிர் தப்பினர். 1975 ஜூலையில் அப்பல்லோ–சோயுஸ் பயணத்திலிருந்து திரும்பிய அமெரிக்கக் கலத்துள் நைட்ரஜன் டெட்ராக்சைடு என்ற நச்சு வாயு புகுந்தது. மூன்று வீரர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1997 பிப்ரவரி 23 அன்று மிர் நிலையத்தில் ஆக்சிஜன் உருவாக்கும் கலன் தீப்பற்றி எங்கும் புகை சூழ்ந்தது.

கருவிகளும் பராமரிப்பும்

பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நிறைநிறமாலைமானி ஒன்று நைட்ரஜன், ஆக்சிஜன், கரியமில வாயு, மீத்தேன், ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை அளக்கிறது. அளவறிந்த வாயுக்கலவையைச் செலுத்தி அதன் துல்லியத்தைச் சரிபார்க்கின்றனர். தேய்ந்த பகுதியைக் கழற்றிப் புதியதைப் பூட்டுகின்றனர். பொருள்களிலிருந்து கசியும் கரிம ஆவிகளைக் காண 2001-இல் ஒரு பகுப்பாய்வி சென்றது; பின்னர் சிறிய கருவிகள் அதன் இடத்தைப் பெற்றன. தீக்குப் பின் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சயனைடு போன்ற நஞ்சுகளை அறியக் கையடக்க அளவிகள் உண்டு. குப்பிகளில் பிடித்த காற்று பூமியில் ஆராயப்பட்டு, கருவிகளின் கணக்கோடு ஒப்பிடப்படுகிறது.

இந்தியாவும் மைசூருவும்

காற்றைக் காப்பது உணவிலிருந்தே தொடங்குகிறது. 1965-இல் ஜெமினி 3-இல் ஜான் யங் எடுத்துச் சென்ற சாண்ட்விச்சின் துணுக்குகள் கலத்துள் மிதந்தன. இத்தகைய துணுக்குகள் காற்றுவழிகளையும் கருவிகளையும் அடைக்கக்கூடும். ஆதலால் உதிராத உணவே விண்வெளிக்கு ஏற்றது. மைசூருவில் 1961-இல் நிறுவப்பட்ட பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம், 1984-இல் இந்திய விண்வெளி வீரர் ராகேஷ் சர்மாவின் பயணத்துக்கு இந்திய உணவுகளை ஆயத்தம் செய்தது. 2025-இல் மற்றோர் இந்திய வீரரான சுபான்ஷு சுக்லா கேரட் அல்வாவும் பாசிப்பருப்பு அல்வாவும் கொண்டு சென்றார்.

இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பவிருக்கும் ககன்யான் கலத்தின், உட்காற்றைப் பேணும் உயிர்காப்பு அமைப்பைப் பிற நாடுகளிடமிருந்து பெற முடியாத நிலையில், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ அதை உள்நாட்டிலேயே உருவாக்கி வருகிறது.