கைக்கு எட்டியும் வாய்க்கு எட்டாத மாற்று ரத்தம்

"ராக்கெட் விடுகிறார்கள், ரத்தம் செய்ய முடியாதா சார்?" ரத்த வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. முயற்சி செய்யாமல் இல்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஆக்சிஜனைச் சுமப்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். ரத்தப் பிரிவைத் தீர்மானிப்பது அணுவின் மேலுறை. உறையை நீக்கிவிட்டு ஹீமோகுளோபினை மட்டும் ஏற்றினால் என்ன? பிரிவு பார்க்க வேண்டாம். 42 நாளில் கெட்டுவிடுமே என்ற கவலையும் இல்லை.

அமெரிக்காவில் வில்லியம் ஆம்பர்சன் இதைச் செய்தே பார்த்தார். அவர் குழு 1949-இல் வெளியிட்ட கட்டுரையில், பிரசவத்துக்குப் பின் கடும் ரத்தப்போக்கில் தவித்த ஒரு பெண்ணைப் பற்றி வருகிறது. ஹீமோகுளோபின் கரைசல் ஏற்றியதும் தேறினார். ஆனால் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் இறந்துபோனார்.

காரணம் இதுதான். நான்கு கூறுகள் சேர்ந்தது ஹீமோகுளோபின். உறையை விட்டு வெளியே வந்தால் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். பிரியாமல் இருக்க வேதிமுறையில் பிணைத்தார்கள். உடனே இன்னொரு சிக்கல். ரத்தக்குழாயை விரித்து வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது பிடித்துக்கொண்டது. குழாய்கள் சுருங்கின, ரத்த அழுத்தம் ஏறியது.

பாக்ஸ்டர் நிறுவனத்தின் 'ஹீம்அசிஸ்ட்' சோதனை 1998-இல் பாதியில் நின்றது. படுகாயத்துடன் வந்தவர்களில் அதைப் பெற்ற 52 பேரில் 24 பேர் இறந்தார்கள். உப்புநீர் பெற்ற 46 பேரில் இறந்தவர்கள் 8 பேர்.

அடுத்து வந்தது 'பாலிஹீம்'. நினைவிழந்து கிடப்பவரிடம் சம்மதம் கேட்க முடியாது என்று, கேட்காமலே ஏற்ற அமெரிக்க விதிகள் இடம் கொடுத்தன. ஆம்புலன்சில் ரத்தம் கிடையாது, அங்கே ஏற்றியதில் நியாயம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து, அங்கே ரத்தம் இருந்தும், 12 மணி நேரம் வரை அதையே கொடுக்கலாம் என்று வைத்திருந்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் வேலையில் முதல் பாடமே, நோயாளிக்குத் தெரியாமல் எதுவும் கூடாது என்பதுதான். முப்பது நாள் முடிவில் பாலிஹீம் பெற்றவர்களில் 13.4 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் 9.6 சதவீதம்.

மாட்டு ரத்தத்திலிருந்து செய்த 'ஹீமோப்யூர்' மட்டும் 2001-இல் தென்னாப்பிரிக்காவில் அனுமதி பெற்றது. இப்போது ஹீமோகுளோபினை மீண்டும் ஓர் உறைக்குள் வைக்கவே முயல்கிறார்கள். கழற்றி எறிந்த உறையின் அருமை இப்போதுதான் புரிந்திருக்கிறது.

அது கைகூடும் வரை மனிதருக்கு மனிதர்தான். நம் வயதில் கொடுக்க முடியாது. பதினெட்டு நிரம்பிய பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.