சைதாப்பேட்டைக்கு வந்த அமெரிக்கக் கோச்



"மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று கொடப்பா" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கொல்லிமலைக்காரன் என்றால் வல்வில் ஓரியைப் பற்றி எழுதுவான் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்தியவன் என்று பாடப்பட்டவன். ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கிறோம், வில்வித்தைப் போட்டியும் நடத்துகிறோம். ஆனால் ஓரிக்கு வில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் யார்? யாருக்காவது தெரியுமா? ஜெயித்தவனைப் பாடுவோம், பழக்கியவனை மறந்துவிடுவோம். அதனால் இந்த முறை ஓரியை விட்டுவிட்டு ஓர் ஆசானைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஹாரி குரோ பக். அமெரிக்கர். சென்னை சைதாப்பேட்டையில் வேலை பார்த்தவர்.

ஒரு சின்னக் கல்லூரியின் கதை

பக்கைப் புரிந்துகொள்ள அவர் படித்த இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஓர் ஊர். அங்கே ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளிதான் பின்னாளில் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரி ஆனது. பெரிய பணமோ, பெரிய கட்டடமோ இல்லாத இடம்.

1890இல் அங்கே கால்பந்து அணிக்குக் கோச்சாக வந்தவர் அமோஸ் அலன்சோ ஸ்டாக். நம்ம ஊர்க் கால்பந்து இல்லை இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு, முட்டி மோதி ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து. ஸ்டாக் பாதிரியார் ஆவதற்குப் படித்தவர். தனக்குப் பேச்சு வராது என்று நினைத்து, பிரசங்க மேடையை விட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார். அவருடைய அணியில் ஆடியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். அடுத்த ஆண்டு, 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே விளையாட ஒரு விளையாட்டு வேண்டும் என்று பீச் பழக்கூடை இரண்டை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார் நெய்ஸ்மித். அதுதான் பாஸ்கெட்பால். அதே பள்ளியில் படித்த வில்லியம் மார்கன் என்பவர் 1895இல் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் உருவாக்கியது வாலிபால்.

ஸ்டாக் பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் 41 ஆண்டுகள் பெரிய பெயரோடு இருந்தார். எழுபது வயதாகிவிட்டது என்று அங்கே ஓய்வு கொடுத்தார்கள். மனிதர் வீட்டில் உட்காரவில்லை! கலிபோர்னியாவில் பசிபிக் கல்லூரி என்ற சிறிய கல்லூரிக்கு 1933இல் போய், 1946 வரை அங்கே கோச்சாக இருந்தார். அதற்குப் பிறகும் பென்சில்வேனியாவில் சஸ்குவஹானா என்ற இன்னொரு சின்னக் கல்லூரியில் தன் மகனோடு சேர்ந்து பயிற்சி கொடுத்தார். 1965இல், 102 வயதில் காலமானார்.

ஓர் அமெரிக்கக் கோச்சைப் பற்றிக் கேட்டால் முதலில் சொல்வது எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்ற கணக்கைத்தான். ஸ்டாக்குக்கும் அந்தக் கணக்கு உண்டு, முந்நூறுக்கு மேற்பட்ட வெற்றிகள். பக்குக்கு அப்படிச் சொல்ல ஒரு கணக்கும் கிடையாது. அவர் கதை ருசிப்பதே அங்கேதான்.

அணி இல்லாத கோச்

பென்சில்வேனியாவில் 1884இல் பிறந்து, ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த பக், முதல் உலகப் போர் முடிந்த கையோடு சென்னைக்கு வந்தார். அப்போது இங்கே பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் "டிரில்". பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் வந்து, "அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ்" என்று கத்திவிட்டுப் போவார். 'டிரில் மாஸ்டர்' என்ற சொல் நம் வாயில் இன்றும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

பக் நினைத்திருந்தால் நாலு நல்ல ஆட்டக்காரர்களைப் பிடித்து ஓர் அணி கட்டி, கோப்பை வாங்கிப் பெயர் எடுத்திருக்கலாம். அவர் வேறு கணக்குப் போட்டார். ஓர் அணிக்குக் கோச்சாக இருந்தால் ஓர் அணிதான் ஆடும். கோச்சுகளை உருவாக்கினால் ஊரெல்லாம் ஆடும். 1920இல் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களோடு சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்குவதற்கென்று ஆசியாவிலேயே முதலில் தொடங்கிய கல்லூரிகளில் ஒன்று. உங்களுக்கு இடம் தெரிந்ததுதான். புத்தகக் கண்காட்சிக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் போயிருப்பீர்களே, அதே இடம். புத்தகப் பையோடு நடந்த நம்மில் எத்தனை பேருக்கு அது வாத்தியார்களின் தாய்வீடு என்று தெரியும்?

அங்கே உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் பாடம். விளையாட்டை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதும் பாடம். வெளிநாட்டு விளையாட்டோடு கபடி போன்ற நம் மண்ணின் விளையாட்டுகளுக்கும் அங்கே இடம் இருந்தது. கோட்டை எங்கே போடுவது, எது ஃபவுல் என்று ஊருக்கு ஒரு சட்டம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் புத்தகமாகவும் வெளியிட்டார் பக். 'வியாயாம்' என்ற இதழும் அந்தக் கல்லூரியிலிருந்து வந்தது.

பாரிஸ் பயணம்

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கிற்கு இந்திய அணி போனபோது அதற்கு மேலாளராகப் போனவர் பக். செலவுக்கு உதவி, முன்னின்று நடத்தியவர் சர் தோராப்ஜி டாட்டா. தடை ஓட்டத்துக்குப் போனவர் சி.கே. லட்சுமணன், பிற்காலத்தில் மருத்துவராகி, மத்திய அரசின் சுகாதாரத் துறையில் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர். தடகளத்தில் நமக்கு ஒரு பதக்கமும் வரவில்லை.

ஆனாலும் அந்தப் பயணம் வீணாகவில்லை. ஒரு நாடு விளையாட வேண்டும் என்றால் அமைப்பு வேண்டும் என்பது தெளிவானது. 1927இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் பிறந்தது. டாட்டா தலைவர், ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த நோரென் செயலாளர். பக் சைதாப்பேட்டைக்குத் திரும்பி, தன் வேலையைத் தொடர்ந்தார். 1943இல் சென்னையிலேயே காலமாகும் வரை அந்த ஒரே வேலைதான்.

அவர் வெற்றிக் கணக்கை எங்கே தேடுவது? அந்தக் கல்லூரியில் படித்த பி.எம். ஜோசப், 1957இல் குவாலியரில் மத்திய அரசு தொடங்கிய லட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரிக்கு முதல் முதல்வர் ஆனார். அங்கே படித்தவர்கள் இன்னும் பல கல்லூரிகளுக்குப் போனார்கள். ஆலமரத்து விழுது போல இறங்கிக்கொண்டே போகிறது இந்தக் கணக்கு.

மலை மேல் ஒரு விழுது

அந்த விழுது கொல்லிமலை வரைக்கும் வந்திருக்கிறது. எங்கள் மலையில் சமதளம் கிடைப்பது அரிது. கிரிக்கெட்டுக்கு இடம் எங்கே போவது? வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் போதும். ஒரு வயல் அளவு நிலத்தைச் சமப்படுத்தி, இரண்டு கம்பத்தை நட்டு, வலையைக் கட்டிவிட்டால் பன்னிரண்டு பேர் ஆடலாம். பந்து பள்ளத்தில் உருண்டால்தான் கஷ்டம். எடுத்து வருபவனுக்கு அதுவே தனி உடற்பயிற்சி! நான் படித்த உண்டு உறைவிடப் பள்ளியில் எங்கள் பி.டி. வாத்தியார் கற்றுக்கொடுத்தது இதைத்தான். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம். எங்கள் சார் விடவில்லை. "பசங்க சாயங்காலம் ஆடட்டும், ராத்திரி படிப்பாங்க" என்று சண்டை போட்டு வாங்கினார்.

மலையிலிருந்து இறங்கி நம் கல்லூரிக்கு வந்தபோது எனக்கு இங்கிலீஷ் வராது. வகுப்பில் வாயைத் திறக்கவே பயம். வாலிபால் கோர்ட்டில் மட்டும் அந்தப் பயம் இல்லை. அங்கே "செட் பண்ணுடா" என்றால் அது எல்லோருக்கும் ஒரே பாஷை. நம் பிசிக்கல் டைரக்டர் சார் என் மார்க்கைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. சர்வீஸ் போடச் சொல்லிப் பார்த்தார், அணியில் சேர்த்தார். அங்கே கிடைத்த நண்பர்கள்தான் எனக்கு மெக்கானிக்ஸும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் இன்று இன்ஜினியராக இருப்பதில் அந்தக் கோர்ட்டுக்குப் பாதிப் பங்கு உண்டு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் சங்க நிதியில் ஆய்வுக்கூடத்துக்குக் கருவி வாங்கினோம், நூலகத்துக்கு அலமாரி கொடுத்தோம். எல்லாம் நல்ல காரியம்தான். மைதானத்துக்கு இதுவரை ஒன்றும் செய்யவில்லை. வண்டி நிறுத்த இடம் போதவில்லை, வாலிபால் கோர்ட்டை எடுத்துக்கொள்ளலாமே என்ற பேச்சும் காதில் விழுகிறது. வண்டியை வெளியே நிறுத்தி நூறடி நடந்து வந்தால் நமக்கு நல்லதுதான், தொப்பையாவது குறையும்! அந்தக் கோர்ட் போய்விட்டால், அடுத்து மலையிலிருந்து இறங்கி வரும் பையன் எங்கே போய் நிற்பான்?

இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். கோர்ட் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதற்கு விளக்கு போட்டுத் தர வேண்டும். ஆண்டுதோறும் ஒரு மாணவன் அல்லது மாணவி உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்குப் போக விரும்பினால், அந்தக் கட்டணத்தைச் சங்கம் ஏற்க வேண்டும். விளக்குக்கான மின் வரைபடத்தை நானே போட்டுத் தருகிறேன், கூலி வேண்டாம்.

பொதுக்குழு மாலை நாலு மணிக்கு. ஐந்தரைக்கு முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் வாலிபால் போட்டி. கேன்வாஸ் ஷூ எடுத்து வர மறக்காதீர்கள்!